சிறுத்தைக்குப் பயமா?

இந்த வாரம் ஒரு பழைய புத்தகத்தோடு சண்டை. அதுவும் எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். பிடிக்காத புத்தகத்தோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. படிக்க உங்களுக்கும் இருக்காது.

ஜிம் கார்பெட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1944-ல் வெளிவந்த அவருடைய புலிக் கதைகளை தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்று தமிழில் தந்தார். உங்கள் வீட்டுப் பரணில்கூட ஒரு பிரதி, அட்டை போய், கிடக்கலாம். அதன் முன்னுரையில் கார்பெட் ஒரு கருத்தை வைக்கிறார். ஆட்கொல்லியாக மாறிய புலிக்கு மனிதனிடம் பயம் விட்டுப்போகிறது, அதனால் பட்டப்பகலில் வருகிறது. சிறுத்தைக்கோ எத்தனை பேரைக் கொன்றாலும் பயம் போவதில்லை, அதனால் ராத்திரியில் மட்டும் வருகிறது.

சட்டென்று படித்தால் சரி என்றுதான் தோன்றும். அடுத்து அவர் எழுதிய ருத்ரபிரயாகைச் சிறுத்தை புத்தகத்தைப் படித்தால்தான் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்பவரும் கார்பெட்டேதான்.

கேஸ் இதுதான். இமயமலையில் கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதை. 1918-லிருந்து 1926 வரை ஒரே ஒரு சிறுத்தை, சர்க்கார் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. இருட்டினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தச் சிறுத்தை என்னவெல்லாம் செய்தது என்று கார்பெட் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஒரு வீட்டில் நண்பர்கள் இரண்டு பேர் இருட்டில் உட்கார்ந்து மாற்றி மாற்றி ஹூக்கா பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து அது கீழே விழுகிறது. பக்கத்தில் இருந்தவர் கவனக்குறைவைத் திட்டிக்கொண்டே குனிகிறார். அதற்குள் நண்பரைச் சிறுத்தை கொண்டுபோயாகிவிட்டது. இன்னொரு இடத்தில் அநாதைப் பையன் ஒருவனை, நாற்பது ஆடுகளோடு ஒரே அறையில் படுக்க வைத்துக் கதவை மூடுகிறார்கள். சிறுத்தை கதவைத் திறந்துகொண்டு வந்து, நாற்பது ஆட்டையும் கீறாமல் கடந்து, பையனைக் கொல்கிறது.

இது பயந்த பிராணி செய்கிற காரியமா, சொல்லுங்கள்! மனிதர்கள் நிறைந்த ஊருக்குள், மூடிய கதவுக்குள், ஒரே வழி உள்ள அறைக்குள் நுழைகிறது. அதே சிறுத்தை, கார்பெட் துப்பாக்கியோடு காத்திருக்கும் இடத்துக்கு வருவதில்லை. ருத்ரபிரயாகைத் தொங்குபாலத்தின் கோபுரத்தில் குளிரில் இருபது ராத்திரி உட்கார்ந்திருந்தார். அத்தனை ராத்திரியில் பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு நரி.

ஒரே பிராணி, ஒரு விஷயத்தில் அசாத்தியத் துணிச்சல், இன்னொன்றில் அசாத்திய ஜாக்கிரதை. இதற்குப் ‘பயம்’ என்று ஒற்றைச் சொல்லை ஒட்டினால், புத்தகத்தில் பாதிச் சம்பவங்கள் அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் திமிறுகின்றன. என் புகார் இதுதான். கார்பெட்டின் கண் பார்த்தது சரி. வைத்த பெயர்தான் தப்பு.

அந்தச் சிறுத்தைக்கு ஜாக்கிரதையைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? மனிதர்கள்தான். 1921-ல் இரண்டு இளம் ஆங்கில அதிகாரிகள் பாலத்தில் வைத்துச் சுட்டார்கள். பின்னங்காலில் காயத்தோடு தப்பித்தது. விஷம் வைத்தார்கள், சாகவில்லை. ஒரு தடவை குகைக்குள் போனதைப் பார்த்து முட்செடியும் பாறையும் வைத்து வாயை அடைத்தார்கள். ஐந்து நாள் காவல். பிறகு ஒரு பெரிய மனிதர் வந்தார். உள்ளே சிறுத்தையாவது ஒன்றாவது என்று அடைப்பை விலக்கினார். கூடியிருந்த ஐந்நூறு பேருக்கு நடுவே சிறுத்தை பாய்ந்து ஓடிப் போய்விட்டது! அன்றைக்கு அங்கே தைரியசாலி என்றால் அந்தப் பெரிய மனிதர்தான். அந்தத் தைரியத்துக்கு விலை கொடுத்தவர்கள் அடுத்தடுத்த வருஷங்களில் செத்த கிராமத்து ஜனங்கள்.

இப்போது சிறுத்தையிலிருந்து மீனுக்கு வருகிறேன். மிருகங்களின் துணிச்சலையும் தயக்கத்தையும் கார்பெட் காட்டில் பார்த்ததுபோல், பிற்பாடு சோதனைச்சாலையில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கப்பி தெரியும். பெரிய மீன் ஒன்று வந்தால் கப்பிக் கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மட்டும் கிட்டே போய் ‘யார் இது?’ என்று பார்த்துவிட்டு வரும். 1990-களின் ஆரம்பத்தில் லீ டுகட்கின் என்ற அமெரிக்க உயிரியலாளர், கப்பிகளைத் துணிந்தவை, நடுத்தரம், தயங்குபவை என்று பிரித்து, கொன்றுதின்னும் மீனோடு ஒரே தொட்டியில் விட்டார். கடைசியில் தயங்கியவற்றில் நூற்றுக்கு நாற்பது பிழைத்தன. துணிந்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் துணிந்த கப்பி எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே? இல்லை. வேறு சோதனைகளில் பெண் கப்பிகள் துணிந்த ஆணையே விரும்பின. கிட்டே வந்து பார்க்கும் கப்பியைக் கொல்லும் மீன் தாக்குவது குறைவு என்றும் தெரிந்தது, ‘இவன் என்னைப் பார்த்துவிட்டான்’ என்று விட்டுவிடுகிறதோ என்னவோ.

நெதர்லாந்தில் பட்டாணிக் குருவிகளை வைத்து 2004-ல் வெளியான ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யம். புது இடத்தைத் தடதடவென்று ஆராயும் குருவி, நிதானமாக ஆராயும் குருவி என்று இரண்டு சுபாவம். இதில் எது அதிகம் பிழைக்கிறது என்பது, அந்த வருஷம் பீச் மர விதை நிறைய விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு நேர்மாறு. மறு வருஷம் எல்லாம் தலைகீழ். இயற்கை இரண்டு சுபாவத்தையும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. எதற்கும் நிரந்தரமாக முதல் பரிசு கொடுப்பதில்லை.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. மகாராஷ்டிராவில் அகோலே பக்கம் கரும்புக் காட்டில் சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன, ஜனங்களுக்கு நடுவிலேயே. வித்யா ஆத்ரேயா குழுவினர் கேமரா வைத்து எண்ணி 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலும் ராத்திரியில் நடமாடி, மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போகும் அந்த ஜாக்கிரதைதான் இரண்டு தரப்பையும் காப்பாற்றுகிறது. ‘பார்த்தோம், பிடி, கூண்டில் போடு, வேறு காட்டில் விடு’ என்பது வீரமான நடவடிக்கை போலத் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் ஜுன்னார் பகுதியில் அப்படித்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு மனிதர்மீது தாக்குதல் அதிகமாயிற்று என்று அதே ஆத்ரேயா குழு கண்டுபிடித்தது. தன் இடத்தில் எங்கே ஒதுங்குவது என்று கற்றுவைத்திருந்த பிராணியை, ஒன்றும் தெரியாத ஊரில் கொண்டுபோய் விட்டால் வேறென்ன நடக்கும்? ஒதுங்குவதைக் ‘கோழைத்தனம்’, ‘கள்ளத்தனம்’ என்று நாம் பெயர் வைப்பதில் ஆரம்பிக்கிறது இந்த அவசரம்.

கார்பெட்டுக்கு நியாயம் செய்துவிட்டு முடிக்கிறேன். இந்தப் புத்தகம் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் அவருடைய வீரம் இல்லை. இருட்டில் தான் நடுங்கியதை அவர் மறைக்கவில்லை. தோற்ற இரவுகளைத்தான் அதிகம் எழுதுகிறார். கடைசியில் குலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரைப் பாதையோரம் ஒரு மாமரத்தில் பத்து ராத்திரி காத்திருக்கிறார். சிறுத்தை வரவில்லை. பதினோராவது ராத்திரியும் ஏறி உட்கார்கிறார். ஆட்டின் கழுத்து மணி கலீரென்று ஒலிக்கிறது. டார்ச், ஒரே ஒரு குண்டு. 1926 மே மாதத் தொடக்கத்தில் கதை முடிகிறது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், பேயும் இல்லை பிசாசும் இல்லை, மீசை உதிர்ந்த ஒரு கிழட்டுச் சிறுத்தை. அதன் காலில் பழைய குண்டுக் காயம். அதைப் பார்த்து அவர் வருந்துகிறார்.

காத்திருந்தவரும் ஜாக்கிரதை, வராமலிருந்ததும் ஜாக்கிரதை. அவருடையதைப் பொறுமை என்கிறோம், அதனுடையதைப் பயம் என்கிறோம். எழுதியது மனிதர் என்பதால்தானே?

என் பிரதியில் அந்த முன்னுரைப் பக்கத்தில் ‘பயம்’ என்று வரும் இடத்தை அடித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ‘கணக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரவல் வாங்கிப் போகிறவர்கள் தயவுசெய்து அழிக்க வேண்டாம். புத்தகத்தைத் திருப்பித் தந்தாலே போதும்.