சிபில் கார்த்திகேசு: ‘வீரமங்கை’ என்று எழுதினால் போதுமா?



போர்க்காலக் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் உடனே சயாம் மரண ரயிலைத்தான் எழுதுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தாத்தா பாட்டி சொன்ன கதை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் கைகொடுக்கும். இந்த முறை ஈப்போவுக்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொன்றைப் பார்ப்போம். சிபில் கார்த்திகேசு ஆங்கிலத்தில் எழுதிய ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற தன்வரலாறு அது. 1948-இல் அவர் இறந்தார். நூல் 1954-இல்தான் வெளிவந்தது.

சிபில் ஒரு தாதி, ஆழ்ந்த கத்தோலிக்கர். கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழர். ஜப்பானியர் வந்ததும் குடும்பம் ஈப்போவிலிருந்து பப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு அங்கே ரகசியமாக வைத்தியம் பார்த்தார். வானொலியை மறைத்து வைத்து பிபிசி செய்தி கேட்டார். 1943-இல் கைதானார். கணவரும் வளர்ப்பு மகன் வில்லியமும்கூட கைதானார்கள். எல்லாருக்கும் சித்திரவதை.

நூலின் உச்சம் கெம்பெய்தாய் விசாரணைதான். சிறுமியான மகள் டானை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, தாயைப் பேசச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டாம் என்று மகளே தாய்க்குத் தைரியம் சொல்கிறாள். சிபில் காட்டிக்கொடுக்கவில்லை. டான் உயிர் பிழைத்தாள்.

இதை நான் பல வருஷம் ‘வீரம், தியாகம்’ என்றே போதித்தேன். ஒருநாள் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “பெத்த பிள்ளையைவிட மத்தவங்க பெருசா டீச்சர்?” அன்று எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்த நூலின் கரு என்பது பிறகுதான் புரிந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. சிபில் வாயைத் திறந்திருந்தால் பப்பானில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அநாதையாகியிருப்பார்கள்? தராசின் இரண்டு தட்டிலும் பிள்ளைகள்தான். மரண ரயிலுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனபோது தோட்டத்துத் தாயிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சிபிலிடம் கேட்டார்கள். முடிவெடுக்க வேண்டிய நிலையில் நின்றதுதான் அவருடைய வேதனை.

பெரியபுராணத்துச் சிறுத்தொண்டரை இங்கே ஒப்பிடலாம். வாதாபிப் போரில் தளபதியாக இருந்து அடியவரானவர் அவர். மகன் சீராளனைக் கொடுத்தார். இறைவன் திருப்பித் தந்தார். ஆனால், புராணத்தைப் படிப்பவருக்கு முடிவு முன்பே தெரியும். விசாரணையில் நின்ற சிபிலுக்குத் தெரியாது.

‘கொல்லாமை’ அதிகாரத்தைக் காட்டி இவரை அகிம்சைவாதி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது அரைகுறை வாசிப்பு. இவர் ஆற்றிய காயங்கள் மறுபடியும் துப்பாக்கி தூக்கப் போகிறவர்களின் காயங்கள். உயிரைக் காப்பாற்றும் விசுவாசமும் போரை விட்டு விலகி நிற்க முடியவில்லை. இந்த முரணைத் தொட்டு எழுதுங்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இது தாயின் குரலில் உள்ள நூல். டானின் பேச்சும் தாயின் நினைவு வழியாகத்தான் நமக்கு வருகிறது. அந்தக் குழந்தை எவ்வளவு பயந்திருப்பாள் என்பதை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்களே, ‘சிபில் ஒரு வீரமங்கை’ என்று தொடங்கினால் நாலு வரியில் கட்டுரை முடிந்துவிடும். அவர் முன் இருந்த இரண்டு வழிகளையும், ஒவ்வொன்றுக்கும் யார் விலை கொடுக்க நேரும் என்பதையும் முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் நிலைப்பாட்டைக் காரணத்தோடு சொல்லுங்கள். புள்ளி அங்கேதான் கிடைக்கும். ஆசிரியர்கள், பிள்ளைகள் கேள்வி கேட்டால் என்னைப் போல் திகைத்து நிற்காமல், அதையே அன்றைய பாடமாக்கிவிடுங்கள்.