அரண்மனை வாத்தியமும் ஜவுளி மண்டபத்து வாத்தியமும்

சிக்பேட்டையில் ஆரணிப் பட்டு விற்கிறவனுக்கு மேல்நாட்டுச் சிம்பொனியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். கடை மூடிய பிறகு படித்ததும் கேட்டதும்தான் என் கல்வி. ஆனால் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தின் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெயரே ஒரு துணி மண்டபத்தால் வந்தது என்று படித்த அன்று, இது நம்ம விஷயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பத்து வயதில் அப்பா என்னை மைசூர் தசராவுக்கு அழைத்துப் போனார். யானையைவிட எனக்குப் பிடித்தது அரண்மனையின் 'இங்கிலீஷ் பேண்ட்'. "யாருப்பா இவங்களுக்குச் சம்பளம் கொடுக்கறது?" என்று கேட்டேன். "மகாராஜா" என்றார் அப்பா. "மகாராஜா இல்லேன்னா?" என்றேன். அப்பா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தக் கேள்விதான் இக்கட்டுரை.

மன்னர் வளர்த்த இசை

1902 முதல் 1940 வரை ஆண்ட நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். வீணை சேஷண்ணாவும் வாசுதேவாச்சாரியாரும் அலங்கரித்த அதே சபையில், ஆட்டோ ஷ்மித் என்ற ஜெர்மானியரை வைத்து மேல்நாட்டு வாத்தியக் குழுவையும் நடத்தினார். அவருக்குப் பின் வந்த ஜெயசாமராஜ உடையார் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் பியானோ பயின்றவர், கர்நாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர், 1964 முதல் 1966 வரை நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராகவும் இருந்தவர். லண்டனில் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்துக்கு முதல் தலைவர் இவரே. முதுமையில் வறுமைப்பட்டிருந்த ரஷ்ய இசைமேதை மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டாக்கப் பணம் கொடுத்தார். மெட்னரும் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மன்னருக்கே அர்ப்பணித்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22 அன்று லண்டனில் முதன்முதலாக அரங்கேறியபோது, செலவுக்கு உத்தரவாதம் தந்ததும் மைசூர்ப் பணமே.

இந்தப் பெருமையை நம் மலர்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் படித்த கட்டுரைகள் எல்லாமே இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. என் குறை இதுதான்: மன்னரின் ரசனையை எழுதுகிறார்கள், வாசித்தவன் கதி என்ன என்று எழுதுவதில்லை. ராஜ்யம் போயிற்று. 1971-இல் மன்னர் மானியமும் போயிற்று. பேண்ட் மரபைப் போலீஸ் வாத்தியக் குழு தாங்கிப் பிடித்து, இன்றும் தசராவில் வாசிக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வயலினும் செல்லோவும் நிறைந்த ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா மைசூரில் நிலைக்கவில்லை. ஒரே தூணில் நின்ற மண்டபம் அது.

வணிகர் வளர்த்த இசை

இனி லைப்சிக் கணக்கைப் பார்ப்போம். அது அரசன் தலைநகரம் அல்ல, சந்தை நகரம். 1743-இல் பிரபுக்களும் வணிகர்களுமாக 16 பேர் கூடி, 16 வாத்தியக்காரர்களை வைத்துக் கச்சேரி தொடங்கினார்கள். முதலில் வீடுகளில் நடந்தது, பிறகு ஒரு சத்திரத்தில். 1781-இல் ஜவுளி வணிகர்களின் மண்டபத்து மேல்மாடியில் அரங்கம் கட்டிக் குடியேறினார்கள். அந்த மண்டபத்தின் பெயர்தான் 'கெவாண்ட்ஹௌஸ்'. துணி வீடு என்று தமிழில் சொல்லலாம். கீழே துணி, மேலே இசை!

1835-இல் அங்கே நடத்துநராக வந்த மெண்டெல்சனை எல்லோரும் இசைமேதை என்பார்கள். என் கண்ணுக்கு அவர் நல்ல முதலாளியும்கூட. வாத்தியக்காரர்களுக்குச் சம்பள உயர்வு கேட்டு நகரசபையோடு மல்லுக்கு நின்றார். 1843-இல் இசைப்பள்ளி ஒன்றும் தொடங்கினார். இன்று வாசிப்பவனுக்குக் கூலி, நாளைக்கு வாசிப்பவனுக்குப் பள்ளி. நிலைத்ததன் ரகசியம் வேறொன்றுமில்லை. இரண்டாவது கட்டடம் உலகப்போரில் குண்டு விழுந்து அழிந்தது. ஆர்க்கெஸ்ட்ரா அழியவில்லை. 1981-இல் மூன்றாவது கட்டடத்தில் ஏறி இன்றும் வாசிக்கிறது.

ஊர்க்காரர் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாட வரவில்லை. யூத குலத்தில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அதே மெண்டெல்சனின் சிலையை 1936-இல் நாஜிகள் அகற்றினார்கள். அந்தச் சிலையின் நகல் அவ்வூரில் மறுபடி எழ 2008 வரை ஆயிற்று. பணத்தைப் பங்கிட்டால் இசை நிலைக்கும். மனசாட்சியைக் காப்பது தனி வேலை.

நம் கணக்கு

பல வாத்தியம் சேர்ந்து ஒலிப்பது நமக்குப் புதிதா? 'பல்லியம்' என்ற சொல்லே நம்மிடம் உண்டு. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு சங்கப் புலவரே இருந்தார். சிலம்பின் அரங்கேற்று காதையில் குழலைத் தொடர்ந்து யாழும், அதன் பின் தண்ணுமையும் முழவும், கடைசியில் இடக்கையும் சேரும் முறையை இளங்கோவடிகள் படிப்படியாகக் காட்டுகிறார். அந்தக் காப்பியத்தின் நாயகனும் வணிகன் மகன்தான்.

கேள்வி ஞானம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். இளையராஜா சிம்பொனியே எழுதிவிட்டார். ஆனால் 2025 மார்ச் 8 அன்று அது அரங்கேறியது லண்டனில், லண்டன் வாத்தியக்காரர்கள் கையால். எழுத ஒரு மேதை போதும். வாசிக்க ஓர் ஊர் வேண்டும்.

இந்தப் பெங்களூரில் ஊர்க்காரர்கள் இசையை நிலைநிறுத்திய உதாரணமும் உண்டு. சாமராஜ்பேட்டையில் 1939-இல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகள் இன்றும் நடக்கின்றன. அரண்மனையைவிட அந்தப் பந்தலுக்கு ஆயுள் கெட்டி. ஆனால் பந்தல் கச்சேரிக்கு இடம் தருமே ஒழிய, ஒரு குழுவை வருஷம் முழுக்க வைத்துச் சோறு போடாது.

சில வருஷங்களுக்கு முன் நான் அங்கம் வகித்த ஒரு விழாக் குழுவில், ஒரு நாள் நட்சத்திரக் கச்சேரிக்கு வைத்த பணத்தில் பாதியை எடுத்து, நாதஸ்வரம், தவில், குழல், வீணை கற்பிக்க மாதச் சம்பளத்தில் ஆசிரியர் வைக்கலாம் என்றேன். "நயினார் ஐயா, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தா பேனர்ல யார் படம் போடறது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தீர்மானம் விழுந்தது. கோபித்துக்கொண்டு நானும் ராஜினாமா செய்தேன். அது என் தப்பு. இருந்து போராடியிருக்க வேண்டும்.

நமக்கு மகாராஜா வேண்டாம். மாதம் ஒரு சிறு தொகை தரக்கூடிய 16 வீடுகள் இருந்தால், இங்கே ஒரு தமிழ்ப் பல்லியம் தொடங்கிவிடலாம். முதல் வீடு என்னுடையது. பாக்கி 15.