மந்திரவாதியின் கைத்தொழில்

மந்திரவாதிக்குக் கைத்தொழில் எதற்கு? நமது கிராமியக் கதைகளில் வரும் மந்திரவாதி எவனும் உழைத்து உண்டவனல்லன். கோலை அசைப்பான், அறுசுவை உண்டி தோன்றும். அவன் உடுத்திய அங்கியைத் தைத்தவர் யாரென்று கதை சொல்பவரும் கூறுவதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. சித்தர் மரபு இதற்கு ஓரளவு விலக்கு. மூலிகை பறித்தும் பாடாணம் நீற்றியும் கைகளைக் கறைப்படுத்திக்கொண்டவர்களாகவே சித்தர்களை நம் மக்கள் நினைவில் வைத்திருக்கின்றனர்.

பிளிஸார்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற கணினி விளையாட்டு, இவ்விடயத்தில் பழங்கதைகளைவிட ஒரு படி முன்னேறியதென்றே சொல்ல வேண்டும். உலகின் பல நாட்டவரும் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகிற் புகுந்து, ஆளுக்கொரு வேடம் தாங்கி ஆடும் ஆட்டம் இது. மந்திரவாதி வேடம் பூண்டவர் நெருப்பையும் பனியையும் ஏவிப் போர் புரிவார். அவரும் தையல், கொல்லுத்தொழில், இரசவாதம், மூலிகை பறித்தல், தோல் உரித்தல், தோல் வேலை, சுரங்கத்தொழில், பொருள்களுக்கு மந்திரமேற்றல் என்றிவை போன்ற தொழில்களைப் பழகலாம். முதன்மைத் தொழில்களுள் இரண்டுக்கு மேல் ஒருவருக்கு இடமில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கும் பிரச்சினை எழுகின்றது.

ஜிந்துப்பிட்டியிலே என்னிடம் தமிழ் படிக்கும் மாணவருட் சிலர் இவ்வாட்டத்தில் தேர்ந்தவர்கள். புதியவன் ஒருவன் அவர்களிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, “மந்திரவாதிக்கு எந்தத் தொழில் நல்லது, அண்ணே?” என்பதாகும். தையலும் மந்திரமேற்றலும் என்ற விடை உடனே வரும். காரணமும் தெளிவானதே. மந்திரவாதி துணியன்றி இரும்புக் கவசமோ தோலாடையோ அணிய இயலாதவன். தைக்கத் தெரிந்தால் தன் அங்கியைத் தானே செய்துகொள்வான். கொல்லனுக்குத் தாது வேண்டும், எனவே சுரங்கத்தொழிலும் வேண்டும். இரசவாதிக்கு மூலிகை பறிக்கத் தெரிய வேண்டும். தையலுக்கு அத்தகைய துணைத்தொழில் தேவையில்லை. இரண்டாவது இடம் வெறிதாக இருப்பதால் அங்கே மந்திரமேற்றலை வைத்துக்கொள்ளலாம். பழகும்பொருட்டுத் தைத்துக் குவித்த அங்கிகளை உடைத்துத் துகளாக்கினால், அத்துகளே இரண்டாந் தொழிலுக்கு மூலப்பொருளாகிறது.

தோல் உரித்தலும் தோல் வேலையும் அப்பட்டியலில் உள்ளமையை நம் வாசகர் கவனித்திருப்பர். மந்திரவாதிக்கு அவை ஆகாவென மாணவர் சொல்வது, அவன் தோலாடை அணிய முடியாமையால் மட்டுமே. அத்தொழிலில் இழிவு உண்டென்ற எண்ணம் அவ்வுலகில் எவருக்கும் தோன்றுவதில்லை. எவரும் எத்தொழிலையும் கற்கலாம், வேண்டாமெனில் விடலாம். கற்ற திறன் அழிந்துபோகும் என்பதொன்றே ஆரம்ப ஆண்டுகளில் தண்டனையாக இருந்தது. தகப்பன் தொழிலைப் பெயரோடு சேர்த்துச் சுமந்து, அதை விட்டு நீங்கிய பின்னரும் அதன் பேரால் ஒதுக்கப்பட்டவர்களின் கதைகளை ஈழத்து முற்போக்கு எழுத்து எத்தனையோ முறை எழுதிவிட்டது. இவ்விளையாட்டை வெறும் முதலாளித்துவப் பொழுதுபோக்கென்று தள்ளிவிடும் நண்பர்கள் இந்த ஒரு கூறையேனும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் தையலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துண்டு. அவ்வுலகில் துணி எங்கிருந்து வருகிறது? பருத்தி விளையும் வயல் இல்லை, நூற்பவர் இல்லை, தறி இல்லை. மனித உருவிலான பகைவரைக் கொன்றால் அவர் பிணத்தில் துணி கிடைக்கும். தொடக்கத்திற் சணல்நார்த்துணி, பின்னர் கம்பளி, பின்னர் பட்டு எனக் கொல்லப்படுபவரின் வலிமைக்கேற்பத் தரம் உயரும். கொல்லனுக்குப் பட்டடையும் சம்மட்டியும் வேண்டும். தையற்காரன் சாதாரண ஆடைக்கு ஊசியுமின்றி நின்ற இடத்திலேயே தைத்து முடிப்பான். தையலுக்குத் துணைத்தொழில் தேவையில்லை என்று மாணவர் பாராட்டும் வசதியின் பொருள் இதுதான்: நெசவாளன் அவ்வுலகிலிருந்து நீக்கப்பட்டுவிட்டான்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை நினைவுக்கு வராமற் போகாது. 1933 இல் அங்கே வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது ஏறத்தாழ 1,400 பேர் வேலை செய்தனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். புதிதாக அமைந்த சங்கத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். அதற்கு முன் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராய் விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். தொழிலாளரை நாட்டவர், பிறநாட்டவர் எனப் பிரிக்கும் பேச்சு அக்காலத்தில் வலுப்பெற்றது. ஒரு முழத் துணிக்குப் பின்னால் இத்தனையும் இருந்தன. கற்பனை உலகொன்று இவற்றையெல்லாம் காட்ட வேண்டுமென்று நான் வாதிடவில்லை. தையலைத் தொழிலென்று பெயரிட்டுத் தருமிடத்தில், துணியைக் கொள்ளைப்பொருளாக மட்டும் காட்டுவது பெரும் பொய்யென்கிறேன்.

மந்திரமேற்றல் அப்படியன்று. முழு ஆட்டத்திலும் உண்மைக்கு மிக அருகில் வரும் தொழில் அதுவே என்பது என் மதிப்பீடு. ஆரம்ப ஆண்டுகளில் மந்திரமேற்றுபவர் தம் வேலையை ஏலக்கூடத்தில் விற்க இயலாது. நகரச் சந்தியில் நின்று, தாம் செய்யக்கூடியவற்றைக் கூவிச் சொல்ல வேண்டும். வேண்டுபவர் நேரில் வந்து தம் வாளையோ அங்கியையோ நீட்டுவார். துகளையும் பெரும்பாலும் அவரே கொண்டுவருவார். இவர் வேலையைச் செய்து கொடுத்துக் கூலி பெறுவார். பத்தரை வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பொன்னைக் கொடுத்து, கண்முன்னே நகை செய்வித்த நம் முன்னோர் வழக்கம் இதுவேயல்லவா? திருமணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கும் சடங்கிலே அவ்வழக்கத்தின் மிச்சம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. துகள் என்ற சொல்லும் ஜிந்துப்பிட்டியாருக்குப் புதிதன்று. அடுத்துள்ள செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளைக் கூட்டிய குப்பையையும் வடிகாற் சேற்றையும் அலசிப் பொற்றுகள் தேடியோர் இவ்வூரில் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வுலகில் ஒருவர் தைத்த அங்கியின் விவரத்தை எடுத்துப் பார்த்தால், இன்னார் செய்தது என்று செய்தவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பத்துக் கை மாறினாலும் அப்பெயர் மாறாது. செட்டியார் தெருவில் வாங்கும் வளையலிற் கடையின் முத்திரை இருக்கும். பற்றுச்சீட்டிற் செய்கூலி என்றொரு வரியும் இருக்கலாம். செய்த பத்தரின் பெயரை நான் இதுவரை எங்கும் கண்டதில்லை.

2008 இல் வந்த விரிவாக்கத்தோடு மந்திரமேற்றலின் நிலை மாறிற்று. மந்திரத்தைத் தோற்சுருளொன்றில் ஏற்றி ஏலக்கூடத்திற் போடும் வசதி ஏற்பட்டது. சந்தியில் நின்று கூவ வேண்டியதில்லை. வாங்குபவரின் முகத்தை விற்பவர் காண வேண்டியதில்லை. இன்னாருக்கென்று செய்யப்பட்ட வேலை, எவரோ வாங்கும் சரக்காயிற்று. வசதி பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆனால் கைவினைஞன் பண்ட உற்பத்தியாளனாக மாறுவதை வரலாற்று நூலிற் படித்துத் தேர்வு எழுதும் மாணவன், அதனையே தன் விரல்களால் அனுபவித்தும் அடையாளங் காணவில்லை! 2022 இல் நிறுவனம் மீண்டும் ஒரு முறையைப் புகுத்தியது: பொருளும் கூலியும் முன்வைத்துத் தொழிலாளரிடம் வேலை ஒப்படைக்கும் முறை. பழைய சந்தி திரும்பவில்லையெனினும், செய்பவருக்கும் செய்விப்பவருக்கும் உள்ள உறவு சிறிது மீண்டதெனலாம்.

தொழிலறிவுரை கூறுவோர் இவற்றில் எதனையும் பொருட்படுத்துவதில்லை. அவர்களுடைய அளவுகோல், மணிக்கு எத்தனை பொற்காசு என்பதொன்றே. அவ்வளவுகோல் ஆட்டத்தின் எல்லைக்குள் நிற்கவுமில்லை. தொழில் பழகப் பொறுமையற்ற, ஆனால் டொலர் உடைய ஆட்டக்காரருக்கு, விதிகள் தடைசெய்த போதிலும், அப்பொற்காசு உண்மைப் பணத்துக்கு விற்கப்பட்டது. துணியிலிருந்து நீக்கப்பட்ட உழைப்பாளி அவ்வழியாகத் திரும்பி வந்தான்.

சீனாவின் நான்ஜிங் நகரில் இதற்கென அமைந்த பட்டறையொன்றைப் பற்றி நியூயோர்க் டைம்ஸ் 2007 ஜூனில் விரிவாக எழுதியது. அங்கே ஒரு முறை வேலை 12 மணித்தியாலம். கூலி மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்கச் சதம். 100 பொற்காசுக்குத் தொழிலாளி பெற்றது 1.25 டொலர், கைமாறிக் கைமாறிக் கடைசி வாங்குபவரிடம் சென்றபோது அதன் விலை 20 டொலர் வரை ஏறியது. சீனத்தின் வடகிழக்கில் ஜிசி என்னுமிடத்துத் தொழில் முகாமிலே, பகலிற் கடும் உடலுழைப்புச் செய்த கைதிகள் இரவில் இத்தகைய ஆட்டங்களை ஆடிக் காசு திரட்ட வற்புறுத்தப்பட்டனரென்றும், குறித்த அளவை எட்டாதவர் அடிக்கப்பட்டனரென்றும், அங்கு இருந்து வந்த ஒருவர் கூறியதைக் கார்டியன் ஏடு 2011 மே மாதத்தில் வெளியிட்டது.

நான்ஜிங் தொழிலாளி அன்றிரவு தாங்கிய வேடமும் கோலேந்திய மந்திரவாதி வேடமே. இரவு 8 மணி தொடக்கம் ஒரே வகைப் பகைவரை ஓயாமற் கொன்று, பிணம் பிணமாகக் காசு பொறுக்கிக்கொண்டிருந்தான். தையலா, மந்திரமேற்றலா என்று அவனிடம் எவரும் கேட்டதாக அக்கட்டுரையில் இல்லை.