மாப்பிள்ளைச் சாமி: ஒரு முறைச்சொல்லும் அதன் ஸம்ப்ரதாயப் பொருளும்

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். நிரவி கரியமாணிக்கப் பெருமாள், காரைக்கால் நித்தியகல்யாணப் பெருமாள் முதலிய அண்டை ஊர் எம்பெருமான்களும் அங்கே வந்து கூடுவர். அவர்களிடையே சௌரிராஜருக்கு மட்டும் பட்டினச்சேரி மீனவர்களின் வாயில் ஒரு தனிப்பெயர் உண்டு. அவர் ‘மாப்பிள்ளைச் சாமி’. நெய்தல் நிலத் தலைவன் ஒருவனின் திருமகளாக வளர்ந்த பத்மினி நாச்சியாரை எம்பெருமான் மணந்துகொண்டார் என்பது தலவரலாறு. அந்த உறவை முன்னிட்டே பெண் வீட்டார் மாப்பிள்ளையை எதிர்கொள்ளும் முறையில் கடற்கரை மக்கள் அவரை எதிர்கொள்கின்றனர்.

இச்சொல்லைப் பற்றிப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. தலபுராணக் கதை ஒன்றிருக்கிறது, அதிலிருந்து பெயர் வந்தது என்று நிறுத்திவிடுவது முதலாவது. இது நாட்டு வழக்கு, அன்பினால் எழுந்த உருவகம், சாஸ்திரத்தில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை என்று ஒதுக்குவது இரண்டாவது. முதல் விளக்கம் சொல்லின் பிறப்பைக் காட்டுகிறதேயன்றி அதன் பொருளைக் காட்டவில்லை. இரண்டாவது விளக்கமோ ஒரு குலத்தார் தலைமுறை தலைமுறையாக எம்பெருமானோடு கொண்டாடிவரும் உறவை வெறும் அலங்காரமாக்கிவிடுகிறது. உறவையே உயிராகக் கொண்ட ஸம்ப்ரதாயத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

சொல்லின் நிலை

எம்பெருமானை மணமகனாகச் சொல்லும் வழக்கு ஸ்ரீவைஷ்ணவத்தில் புதியதன்று. திருவரங்கத்து உற்ஸவர் அழகிய மணவாளர். அவர் திருநாமம் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், மணவாள மாமுனிகள் என்று ஆசாரியர்களின் திருநாமங்களிலும் நிலைபெற்றது. உறையூர்ச் சோழன் மகள் கமலவல்லியும், குலசேகரர் மகள் சேரகுலவல்லியும், பெரியாழ்வார் வளர்த்த கோதையும் அரங்கனை அடைந்தவர்கள் என்பது மரபு. ஆகவே சோழனுக்கும் சேரனுக்கும் ஆழ்வாருக்கும் அவன் மருமகன்.

ஆயினும் ‘மணவாளன்’, ‘மாப்பிள்ளை’ என்னும் இரு சொற்களும் ஒரே இடத்திலிருந்து பேசப்படுவன அல்ல. மணத்தை ஆள்பவன் மணவாளன். அது மணப்பெண்ணின் பக்கம் நின்று பார்க்கும் சொல். மாப்பிள்ளை என்பதோ பெண்ணைக் கொடுத்தவர் பக்கம் நின்று அழைக்கும் சொல். மணவாளன் என்ற சொல்லில் ஒருத்தியும் ஒருவனும் இருக்கின்றனர். மாப்பிள்ளை என்ற சொல்லில் ஒரு குடும்பமே இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, தலைத்தீபாவளி, சீர், செய்முறை என்பன எல்லாம் அச்சொல்லைச் சூழ்ந்து நிற்பவை. ‘மாப்பிள்ளை முறுக்கு’ என்ற உலகவழக்கும் அதனோடு ஒட்டிக்கொண்டதே. முறுக்கிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. அதைத் தாங்கி, வேண்டும்போது இடித்துரைக்கும் உரிமை பெண் வீட்டாருக்கு உண்டு. தமிழில் ‘முறை’ என்ற ஒரே சொல் உறவையும் ஒழுங்கையும் கடமையையும் குறிப்பது தற்செயலன்று. ஒருவனை முறை சொல்லி அழைப்பது அவனைக் கடமைக்குள் கொண்டுவருவதாகும்.

ஒன்பதில் இல்லாத உறவு

பிள்ளை லோகாசாரியர் ‘நவவித ஸம்பந்தம்’ என்னும் ரஹஸ்யத்தில் சேதனனுக்கும் ஈசுவரனுக்கும் உள்ள உறவுகளை ஒன்பதாக வகுத்தருளினார். தந்தையும் மகனும், காப்பவனும் காக்கப்படுபவனும், சேஷியும் சேஷனும், கணவனும் மனைவியும், அறியப்படுபவனும் அறிபவனும், உடையவனும் உடைமையும், ஆத்மாவும் சரீரமும், தாங்குபவனும் தாங்கப்படுவதும், துய்ப்பவனும் துய்க்கப்படுவதும் என அவை விரியும். இப்பட்டியலில் மாமனார்–மருமகன் உறவு இல்லை.

இல்லாமைக்குக் காரணம் தெளிவு. ஒன்பதும் ஒழிக்க ஒழியாத உறவுகள். ஆத்மாவின் ஸ்வரூபத்திலேயே கிடப்பவை. மாமனார் உறவோ ஒரு செயலால் விளைவது. ஒருவன் கொடுக்க, மற்றொருவன் கொள்ள வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. எல்லாம் எம்பெருமானுடைய உடைமையாயிருக்க, அவனுக்குக் கொடுப்பதற்கு ஒருவனிடம் என்ன இருக்கிறது? ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தில் இதே சிக்கலைச் சந்திக்கிறார். தம்மை எம்பெருமானுக்கு ஸமர்ப்பித்த அடுத்த கணமே, முன்பே அவனுடையதாயிருக்கும் பொருளைத் தாம் கொடுத்ததாக எண்ணியது தகுமோ என்று கலங்குகிறார். ஜனகன் நிலையும் இத்தகையதே. பிராட்டி எம்பெருமானை ஒருபோதும் பிரியாதவள். அவளைத் தன் மகளென்று சொல்லி இராமபிரான் கையில் பிடித்துக் கொடுக்கும் பேறு ஜனகனுக்கு வாய்த்தது. கொடுத்தவனிடம் கொடுக்கும் உரிமை இல்லை. ஆனால் கொண்டவன் கொடுத்ததாகவே ஏற்றுக்கொண்டான்.

இந்த ஏற்பே மாப்பிள்ளை என்ற சொல்லின் ஸம்ப்ரதாய வேர். ஸ்வாமித்வத்தைப் பார்த்தால் அவ்வுறவுக்கு இடமில்லை. ஸௌலப்யத்தைப் பார்த்தால் இடமுண்டு. ஆகவே ஒன்பது உறவுகளுக்குப் பத்தாவதாக இதைச் சேர்க்க வேண்டியதில்லை. பர்த்ரு–பார்யா உறவை எம்பெருமான் ஓர் ஊராரோடு நடத்திக்காட்டும் வகை இது என்று கொள்வதே பொருந்தும்.

திருமலைராயன்பட்டினத்தில் இதற்கு இன்னொரு நயமும் அமைந்திருக்கிறது. திருமகள் கடலில் தோன்றியவள். பாற்கடலில் பள்ளிகொண்டவன் மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டவன் என்று வடமொழிப் புலவர்கள் வேடிக்கையாகப் பாடியதுண்டு. கடலுக்கும் அவன் மாப்பிள்ளை, கடலில் பிழைப்பவர்க்கும் அவன் மாப்பிள்ளை. தீர்த்தவாரிக்குக் கடல் நோக்கி வருவது இருவகையாலும் பெண் வீட்டுக்கு வருவதாகவே முடிகிறது.

தாயின் குரல்

திருக்கண்ணபுரத்துப் பாசுரங்களில் இச்சொல்லுக்கு நெருங்கிய குரல் ஒன்று உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் எட்டாம் பத்து முழுவதையும் இத்தலத்துக்கே ஆக்கினார். அதன் முதல் இரு திருமொழிகளும் தாய் பாசுரங்கள். கண்ணபுரத்து எம்பெருமானிடம் நெஞ்சைப் பறிகொடுத்த மகளைப் பார்த்துத் தாய் கலங்கிப் பேசுவதாக அவை அமைந்துள்ளன. மூன்றாம் திருமொழியிலிருந்து மகளே பேசத் தொடங்குகிறாள். மகள் குரலுக்கு வியாக்கியான உலகில் கிடைத்த கவனம் தாய் குரலுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மகளின் விரஹத்துக்குத் தாயை ஒரு சாட்சியாக மட்டும் கண்டு கடந்துவிடுவோர் பலர்.

ஆசார்ய ஹ்ருதயம் இதற்கு இடந்தரவில்லை. ஆழ்வாரின் மூன்று நிலைகளுக்கே தோழி, தாய், மகள் என்ற பெயர்கள் என்று நாயனார் வகுத்தார். உறவை உணர்ந்திருப்பது தோழி நிலை. உபாயம் அவனே என்று துணிந்திருப்பது தாய் நிலை. பலனை உடனே பெறப் பதறுவது மகள் நிலை. இதன்படி தாய் என்பவள் மகளைத் தடுக்கும் ஒருத்தி அல்லள். கொள்ளவேண்டியவன் தானே வந்து கொள்வான், அதற்குள் படி கடத்தல் தகாது என்று அறிந்தவள் அவள்.

இவ்வகுப்பை மனத்திற்கொண்டு கடற்கரைச் சொல்லைப் பார்த்தால் அதன் இடம் விளங்கும். எம்பெருமான் இருக்குமிடம் தேடி ஓடுவது மகளின் பதற்றம். ஆண்டுக்கொரு முறை அவனே தங்கள் கரைக்கு வருவான் என்று காத்திருந்து எதிர்கொள்வது தாயின் துணிவு. பட்டினச்சேரி மக்கள் நிற்பது தாய் நிற்கும் இடத்தில். ஒரு வேறுபாடும் உண்டு. பெரிய திருமொழியில் தாய்க்கு மணம் இன்னும் கூடவில்லை. பெரியாழ்வார் திருமொழியில் மகளை மால் கொண்டுபோன பின் தவிக்கும் தாய்க்கோ, யசோதை தன் மகளை மருமகளாக ஏற்று முறைகள் செய்வாளோ மாட்டாளோ என்ற ஐயம் தீரவில்லை. நெய்தல் நிலத்துப் பெண் வீட்டாருக்கு அந்த ஐயம் இல்லை. மணம் முடிந்தது, மாப்பிள்ளை வருகிறான். ஆழ்வார்களின் தாய்மார் கேள்வியாக விட்டதை இவர்கள் விடையாகக் கொண்டாடுகின்றனர்.

குகனும் பட்டினச்சேரியும்

நீர்மேல் பிழைக்கும் குடியோடு எம்பெருமான் உறவு கொண்டாடியதற்கு இராமாவதாரத்திலேயே சான்றுண்டு. கங்கைக்கரைக் குகனை இராமபிரான் தோழனாக ஏற்றதைத் திருவரங்கத்துச் சரணாகதியில் திருமங்கையாழ்வாரே முன்வைத்து, அந்த அருள் தமக்கும் வேண்டும் என்று நின்றார். குலசேகராழ்வார் கோசலையின் நிலையில் நின்று தாலாட்டுப் பாடியதும் கண்ணபுரத்து எம்பெருமானையே; அங்கே அவன் இராமன். ஆகவே குகனின் உறவு கண்ணபுரத்துக்கு அயலானதன்று.

இரண்டுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. குகனிடம் உறவைச் சொன்னவன் எம்பெருமான். ‘மாப்பிள்ளை’ என்பதில் உறவைச் சொல்பவர் மக்கள். மேலிருப்பவன் கீழிருப்பவனைத் தோழன் என்றால் அது அருள். கீழிருப்பவர் மேலிருப்பவனை மாப்பிள்ளை என்றால் அது உரிமை. இந்த உரிமையைக் கண்டு முகம் சுளிப்பவர்க்கு ஸ்ரீவசன பூஷணத்தின் எச்சரிக்கை முன்னிற்கிறது. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வதை, அர்ச்சாவதாரத்தின் திருமேனி எந்த உலோகம் என்று ஆராய்வதோடு சேர்த்துப் பெருங்குற்றமாகக் கண்டிக்கிறது அந்நூல். மாப்பிள்ளை என்றழைப்பவர் குலத்தை ஆராய்பவர், மாப்பிள்ளையாக வந்தவனின் தெரிவையே ஆராய்ந்தவராகிறார்.

உரிமையும் சினமும்

முறைச்சொல்லின் ஆழம் மகிழ்ச்சியில் மட்டும் தெரிவதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால், நாகைக் கடற்கரைகளைத் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால் பகுதியின் மீனவக் குப்பங்களும் உயிர்களைப் பறிகொடுத்தன. அதன்பின் அக்கரையில் ‘மாப்பிள்ளைச் சாமி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? உருவகம் மட்டுமே என்றால் அச்சொல் அன்றே உடைந்திருக்கும். கடலைத் தன் படுக்கையாகக் கொண்டவன் அக்கடலிலிருந்து பெண் வீட்டாரைக் காக்கவில்லையே என்ற கேள்விக்கு அலங்காரம் விடை தராது.

உறவு விடை தருகிறதா? எளிய விடை அதனிடமும் இல்லை. ஆனால் கேள்வியை அவன் முகத்துக்கு நேரே கேட்கும் இடத்தை அது தருகிறது. அந்நியனிடம் முறையிடலாம், சினந்துகொள்ள முடியாது. மாப்பிள்ளையிடம் சினந்துகொள்ளலாம். திருக்கண்ணபுரமே இதற்குச் சான்று. கோயில் மதில்கள் பகைவரால் இடிபட்டபோது, காவாதிருந்த எம்பெருமான் மேல் ஆற்றாமை மிக்க அரையர் ஒருவர் தம் கைத்தாளத்தை எறிந்தார் என்றும், அதன் தழும்பு பெருமாளின் புருவத்தின் மேல் இன்றும் விளங்குகிறது என்றும் தலமரபு கூறும். அத்தழும்பை யாரும் மறைக்கவில்லை. குற்றமென்று அரையரைத் தள்ளவுமில்லை. உரியவன் எறிந்த தாளம் என்று அதைத் திருமேனியிலேயே தாங்கினான் சௌரிராஜன். அதே திருமேனியே மாசி மகத்தன்று கடற்கரைக்கு வருகிறது. சினத்தின் வடுவோடு வரும் மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் எதிர்கொள்கின்றனர்.

நம்மாழ்வார் கண்ணபுரத்துக்கு அருளிய திருவாய்மொழி, தன் தாள் அடைந்தார்க்கெல்லாம் இவ்வெம்பெருமான் புகலாவான் என்றும், உடல் விழும் காலத்து வைகுந்தம் அளிப்பான் என்றும் உறுதி கூறுகிறது. கவனிக்கத்தக்கது, அங்கே மரணம் இல்லாமற் போகும் என்று ஆழ்வார் சொல்லவில்லை. மரணத்தின்போது அவன் கைவிடான் என்பதே உறுதி. மாப்பிள்ளை என்ற சொல்லிடமிருந்தும் இதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையன்று. பெண் கொண்டவன் பெண் வீட்டாரின் துக்கத்தைத் தடுத்துவிட முடியாமற் போகலாம். துக்க வீட்டுக்கு வராமல் இருக்க முடியாது. கடற்கரை மக்கள் அச்சொல்லால் அவனைக் கட்டியிருப்பது இந்த வருகையில்தான்.

வியாக்கியான மரபு சொற்களைத் தூக்கி நிறுத்திப் பொருள் காணும் மரபு. ஆழ்வார்களின் ஒரு விளிச்சொல்லுக்குப் பக்கம் பக்கமாக நயம் உரைத்த ஆசாரியர்கள், கடற்கரையில் எழும் இவ்விளியைக் கேட்டிருந்தால் உருவகம் என்று சொல்லிக் கடந்திருக்க மாட்டார்கள். தாய் பாசுரத்தின் துணிவும் ஜனகனின் பேறும் அரையரின் உரிமைச் சினமும் ஒரு முறைச்சொல்லில் கூடி நிற்கின்றன. திருக்கண்ணபுரத்துப் பாசுரங்களுக்கு உரை சொல்பவர் மாசி மகத்துக் கடற்கரையையும் உரையின் ஒரு பகுதியாகக் கொள்வது தகும்.