செங்கல்லில் இருப்பது யார் பெயர்?

ராஜபாளையத்தில் பழைய வீடு இடிபடுகிற இடங்களில் செங்கல் பொறுக்குகிற பழக்கம் நண்பர்கள் சிலரிடம் பரவியிருக்கிறது. கல்லின் முகத்தில் நீள்சதுரமாக ஒரு பள்ளம், அதற்குள் இரண்டு மூன்று எழுத்துகள். காளவாசல்காரரின் பெயர்ச்சுருக்கம். கழுவித் துடைத்துப் படம் எடுத்து, மறக்கப்பட்ட கைவினைஞர்களின் கையொப்பம் இது என்று பேசுகிறார்கள். போன கோடையில் அப்படி ஒரு கல் எனக்கும் கிடைத்தது. மேசைமேல் வைத்துக்கொண்டு நானும் கொஞ்சநாள் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைமீது எனக்கு வந்த சந்தேகம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேலையைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய விமர்சனங்களில் வழக்கமாக விட்டுப்போவது அதுதான். கண்மாய் மண்ணையோ புஞ்சை மண்ணையோ வெட்டிப்போட்டு, சாயங்காலம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, விடியுமுன் காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். மர அச்சில் மணல் தூவி, மண்ணை உருட்டி ஓங்கி அறைந்து, மேலே வழித்துவிட்டு அச்சை எடுத்தால் பச்சைக்கல். இதைத்தான் கல் அறுப்பது என்கிறோம். திருப்பித் திருப்பிக் காயவைத்து, அடுக்கி, விறகு போட்டு நாள்கணக்கில் எரிக்க வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. பள்ளம் சாந்து பிடிப்பதற்காக. எழுத்து, அச்சின் அடிப்பலகையில் இடவலம் மாற்றி வெட்டப்பட்டிருக்கும், அப்போதுதான் கல்லில் நேராக விழும். ஆக, எழுத்தைப் போடுவது அறுக்கிறவர் இல்லை. அச்சோடு சேர்ந்து அது வருகிறது. அச்சு காளவாசல்காரருடையது. செங்கல்லுக்கான இந்தியத் தரவிதி, ஐ.எஸ். 1077, ஒவ்வொரு கல்லிலும் உற்பத்தியாளரின் குறியோ பெயர்ச்சுருக்கமோ இருக்க வேண்டும் என்கிறது. உற்பத்தியாளர் யார் என்ற கேள்வி அந்த விதிக்கு எழுவதேயில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு காளவாசலில், சின்ன வயசிலிருந்து கல் அறுத்த ஒரு அம்மாளிடம் என் கல்லை நீட்டினேன். "இது யாரு கல்லுன்னு சொல்ல முடியுமா ஆத்தா?" அவர் எழுத்துப் பக்கம் பார்க்கவேயில்லை. கல்லைத் திருப்பி ஓரத்தைத் தடவினார்.

"இந்தா பாருங்க தம்பி, தூக்கி வைக்கையில பெருவெரலு அமுங்கியிருக்கு. சின்னக் கையி. பொம்பளப்புள்ள எடுத்து வச்ச கல்லு."

"அப்ப இந்த எழுத்து?"

"அது மொதலாளி எழுத்து. மாட்டுக்குச் சூடு வைக்கிறதில்லையா, அது மாதிரி."

நண்பர்கள் கையொப்பம் என்று வாசித்ததை அந்த அம்மாள் சூட்டுக்குறி என்று வாசித்துவிட்டார். இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அழகியல் தூரம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அது வர்க்கத்தின் தூரம், சாதியின் தூரம்.

1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு, அடுத்த இருபது வருஷம் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பிரதி, ஆசிரியன், அதிகாரம் என்று நிறையப் பேசின. ரோலான் பார்த் 1967இல் அறிவித்த ஆசிரியனின் மரணம் நம் கூட்டங்களில் ஒரு கோஷமாகவே ஆகிப்போனது. அதைவிட இந்த இடத்துக்குப் பொருந்துவது 1969இல் ஃபூக்கோ நிகழ்த்திய உரை. பிரதிக்கு ஒரு ஆசிரியப் பெயர் தேவைப்படுவதே உடைமை, தண்டனை ஆகிய ஏற்பாடுகளுக்குள்தான் என்று அதில் சொல்கிறார். செங்கல் எழுத்தும் இதே வேலையைத்தான் செய்கிறது. சரக்கு யாருடையது, கல் உதிர்ந்தால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான குறி. ஆனால் கோட்பாடு பேசிய நாம் ஒன்றை விட்டுவிட்டோம். பெயர் இருந்தவனின் மரணத்தைக் கொண்டாட முடியும். பெயரே போட்டுக்கொள்ள முடியாமல் போனவளுக்கு அந்த மரணத்தில் என்ன லாபம்?

கல்லில் பெயர் பொறிப்பது அதிகாரத்தின் பழைய ஆசை. பாபிலோனைக் கட்டிய இரண்டாம் நெபுகத்நேசரின் (கி.மு. 605-562) பெயர் முத்திரையிட்ட செங்கற்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1980களில் அதே இடத்தில் புதுச்சுவர் எழுப்பிய சதாம் உசேன், தன் பெயர் பொறித்த கற்களை வைத்துக் கட்டினார். நம் ஊரில் 1989இல் ராமர் பெயர் பொறித்த செங்கற்கள் ஊர் ஊராகப் பூசை கண்டு அயோத்திக்குப் போயின. அந்த வருஷம் நவம்பர் 9 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள். 1992 டிசம்பர் 6 அன்று மசூதி இடிக்கப்பட்டது. அந்தக் கற்களுக்கு மண் மிதித்த கால்கள் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்க ஊர்வலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மேலே எழுதிய பெயர் கீழே இருந்த உழைப்பை முழுசாக விழுங்கிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும் இப்படிப் பார்க்கலாம். பதினொரு நிலை. அடித்தளம் கருங்கல், அதற்கு மேலே எல்லாம் செங்கல்லும் சுதையும். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர் பெருமை கொள்கிறது. மதுரைக் கோபுரம்தான் அது என்கிற வழக்கும் உண்டு. எந்தக் கோபுரம் என்கிற சண்டையில் நமக்கு இருக்கிற அக்கறை, அதற்குக் கல் அறுத்தவர் யார் என்பதில் இருந்ததில்லை. 1947ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் வாசலுக்கு வெளியே நின்று அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

காளவாசல்காரர் எல்லாம் பெருமுதலாளிகளா என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். பலர் சின்ன ஆட்கள். குத்தகை நிலத்தில் தாங்களும் சேர்ந்து மண் மிதித்தவர்கள். வாங்கினவன் கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து சண்டைபோட முடியும் என்கிற பொறுப்பு அந்த இரண்டு எழுத்தில் இருந்தது. ராஜபாளையத்துப் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957இல் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் மூட்டைப் பெயர்கள் வந்த பிறகு, சுண்ணாம்புக் காளவாசலும் போய், செங்கல் எழுத்தின் மதிப்பும் குறைந்துபோனது. மூட்டைப் பெயரோடு யாரும் வாசலில் போய்ச் சண்டைபோட முடியாது. இதை மறுக்கவில்லை. ஆனால் சிறுஉடைமையின் சோகத்தைச் சொல்கிற உற்சாகத்தில், கூலியின் கதையை அதற்குள் கரைத்துவிடக் கூடாது. முன்பணம் வாங்கிய குடும்பம் கடன் தீரும்வரை சூளையைவிட்டு நகர முடியாது என்கிற ஏற்பாடு, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த 1976க்குப் பிறகும் தமிழ்நாட்டில் தொடர்ந்து பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

கல் சேகரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எழுத்தைப் படம் எடுக்கிறவர்கள் கல்லைத் திருப்பி ஓரத்தையும் எடுக்கட்டும். எந்தத் தெருவில், எந்த வீட்டில் கிடைத்தது என்று குறிக்கிற நோட்டில், ஆயிரம் கல்லுக்கு அப்போது என்ன கூலி, முன்பணம் எவ்வளவு, மழையில் கரைந்த பச்சைக்கல் யார் கணக்கில் சேர்ந்தது என்பதையும் எழுதட்டும். இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயசாகிவிட்டது. முதலில் அவர்களிடம் போவோம். கல் எங்கும் ஓடிப்போகாது.