கடைக்குள் ஒரு சர்வர்: யாருக்குத் தேவை?

மாதா மாதம் கிளவுட் சேமிப்புக்குப் பணம் கட்டுவதா, இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட சிறிய சர்வர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைப்பதா? ஈப்போ லிட்டில் இந்தியாவில் புகைப்பட நிலையம் நடத்துபவருக்கும், புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்பவருக்கும், சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. வேகம், செலவு, இழப்பு, பராமரிப்பு என நான்கு வகையிலும் எடைபோட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வேகத்தில் சர்வருக்கே வெற்றி. ஒரு கல்யாணத்தின் படமும் வீடியோவும் 200 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் ஜிகாபிட் கேபிள் வழியே அது அரை மணி நேரத்தில் சர்வருக்குப் போய்விடும். நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் இணைய இணைப்பில் அதையே கிளவுடுக்கு அனுப்ப ஏறத்தாழ 9 மணி நேரமாகும். மூன்று பேர் ஒரே நேரத்தில் எடிட் செய்யும் நிலையத்தில் இந்த வேறுபாடு வருமானத்தையே தொடும். கச்சாங் பூத்தே வியாபாரியின் பில், கணக்கு, சரக்குப் பட்டியல் எல்லாம் சேர்ந்தாலும் சில ஜிகாபைட்தான். அவருக்கு இந்த வேகம் எதற்கும் உதவாது.

செலவிலும் அப்படியே. 20 வாட் சர்வர் மாதம் முழுக்க ஓடினால் 14.4 யூனிட் மின்சாரம். சும்மா கிடைக்கிறதே என்று பழைய அலுவலகக் கணினியைச் சர்வராக்கினால், அது 70 வாட் இழுத்தாலே 50 யூனிட். அதோடு ஹார்டு டிஸ்க்கையும் யு.பி.எஸ். பேட்டரியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மறுபக்கம், மலேசியாவில் சேவை வரி 2024 மார்ச்சில் 8 விழுக்காடாக உயர்ந்தது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளும் அதற்கு விலக்கல்ல. வருமான வரிச் சட்டம் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. அத்தனை காலமும் சந்தா ஓடும். டெராபைட் கணக்கில் சேர்ப்பவருக்குச் சர்வர் கட்டுப்படியாகும். கொஞ்சமாகச் சேர்ப்பவருக்குக் கிளவுடே மலிவு.

இழப்புதான் இதில் கனமான கேள்வி. விற்பவர்கள் 'இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றது இருக்கும்' என்பார்கள். டிஸ்க் பழுதுக்கு மட்டுமே அந்தப் பேச்சு பொருந்தும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிகிறது. திருடன் பெட்டியோடு தூக்கிப்போவான். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பேராக்கில் இடிக்குக் குறைவில்லை. மின்னல் மின்கம்பி வழியாக வந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே கருகலாம். இணையத்துக்குத் திறந்துவிட்ட சர்வருக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சேமிப்புப் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்தே துடைத்தழித்தார்கள். பலருடைய பல வருடப் படங்கள் போயின. அந்தப் பெட்டிகளுக்கான மென்பொருள் திருத்தங்கள் 2015-லேயே நின்றுபோயிருந்தன.

கிளவுட் மட்டும் கோட்டையா? 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பர் கூகல் கிளவுடில் வைத்திருந்த தனிக் கிளவுட் ஒன்று கூகல் தரப்புத் தவறால் அழிந்தது; வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. இரண்டு நிகழ்வுகளிலும் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: வேறிடத்தில் இருக்கும் இன்னொரு நகல்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது உயிரான விஷயம். பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் குடும்பங்கள் சிதறின. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பங்குப் பத்திரம், பிறப்புப் பத்திரம், லயத்து வாசலில் எடுத்த படம், கோயில் திருவிழாக் கணக்கு எல்லாம் போனால் போனதுதான். இவற்றை ஸ்கேன் செய்து ஒரே வீட்டில் ஒரே பெட்டியில் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது. சுங்கை சிப்புட்டில் ஒரு நகலும், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு நகலும் இருக்கட்டும். அதற்குச் சர்வரே வேண்டாம். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கும், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கூடும்போது புதியதைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கமும் போதும்.

பராமரிப்பில்தான் பலர் தோற்கிறார்கள். மென்பொருளைப் புதுப்பிப்பதும், பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுச் சோதிப்பதும் மாதந்தோறும் செய்ய வேண்டிய வேலை. 'தம்பி படித்தவன், பார்த்துக்கொள்வான்' என்று விட்டால், தம்பி கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனதும் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடும்.

ஆகவே என் முடிவு இது. பெரிய கோப்புகளைப் பலர் சேர்ந்து கையாளும் புகைப்பட நிலையம், அச்சகம், வரைபட அலுவலகம் போன்றவை சர்வர் வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள்: மின்னல் தடுப்பும் யு.பி.எஸ்.ஸும் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து நேராக நுழையும் வாசல் மூடியிருக்க வேண்டும். வெளியே ஒரு நகலும் அதற்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். சிறு கடைக்கும் வீட்டுக்கும் சர்வர் வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டாவது நகலுக்கு வழி செய்யுங்கள்.