தொகுதியும் பகுதியும்

பேஸ்பால் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அதன் விதிகளைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவும் ஜான் அப்டைக் எழுதிய ஒரு கட்டுரையைப் புரிந்துகொள்வதற்காக. பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் அப்டைக்கின் 'அஸார்ட்டட் ப்ரோஸ்' என்ற 1965ஆம் வருஷத் தொகுப்பு கையில் கிடைத்தது. அதில் டெட் வில்லியம்ஸ் என்ற ஆட்டக்காரரின் கடைசி ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. கலைஞன் என்பவன் யார் என்ற கேள்விக்கு அந்த வயதில் எனக்குக் கிடைத்த பதில் எந்த இலக்கியக் கோட்பாட்டிலிருந்தும் வந்ததல்ல. இந்தக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தப் பதில் இன்று எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைச் சொல்லிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

1960 செப்டம்பர் 28, புதன்கிழமை. பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில் வந்திருந்தவர்கள் 10,454 பேர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அந்த வருஷம் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்தது. ஆட்டத்தின் முடிவால் யாருக்கும் லாபமோ நஷ்டமோ இல்லை. வில்லியம்ஸுக்கு வயது 42. எட்டாவது இன்னிங்ஸில், தான் மட்டை பிடித்த கடைசித் தடவையில், பால்டிமோர் அணியின் ஜாக் ஃபிஷர் எறிந்த பந்தை அவர் ஹோம் ரன்னாக அடித்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவர் தலையைக் குனிந்தபடி தளங்களைச் சுற்றி ஓடி உள்ளே போய்விட்டார். கூட்டத்தை நோக்கித் தொப்பியைக் கழற்றவில்லை. இருபது வருஷமாகவே கழற்றியதில்லை. அணிக்கு நியூயார்க்கில் இன்னும் ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அவர் போகவில்லை. கூட்டத்தில் 28 வயது அப்டைக் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் நியூயார்க்கர் பத்திரிகையில் கட்டுரை வெளிவந்தது.

அப்டைக்கை ஈர்த்த விஷயம் எளிமையானது. ஒன்றும் பெறுவதற்கில்லாத ஒரு ஆட்டத்தில், ஒரு மனிதன் தன் காரியத்தைப் பிசகில்லாமல் செய்வது. பரிசுக்காகவோ கைதட்டலுக்காகவோ அல்லாமல் காரியத்தின் ஒழுங்குக்காகவே செய்வது. கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் போவது அந்த ஒழுங்கின் ஒரு பகுதி என்றே கட்டுரை நம்மை உணரவைக்கிறது. சிறுபத்திரிகை வாசகனுக்கு இது எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்நூறு பிரதிகளுக்கு எழுதுகிறவர்கள் நாம். வாசகனை நோக்கிக் குனியாத கலைஞன் என்ற படிமம் நமக்கு ஆறுதல் மட்டுமல்ல, நியாயமும் தருகிறது. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

அந்தப் படிமம் வெறும் பாவனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஆதாரம் 1941ஆம் வருஷம்.

ஒரு ஆட்டக்காரரின் மட்டைத் திறனை ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். கணக்கில் சேரும் தடவைகளைக் கீழே போட்டு, பந்தை அடித்துத் தளத்தை எட்டிய தடவைகளை மேலே போட்டு வகுத்தால் வருவது. 300 வந்தால் நல்ல ஆட்டக்காரர். ஒரு பருவம் முழுக்க ஆடி 400 எடுப்பது அபூர்வத்திலும் அபூர்வம். 1941இல் பருவத்தின் கடைசி நாளன்று காலை வில்லியம்ஸின் கணக்கு 448 தடவையில் 179. வகுத்தால் 399.55. பட்டியலில் அது 400 என்றே அச்சாகும். ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் 400 அவருடையது. உட்காருவதானால் உட்காரலாம் என்று நிர்வாகி ஜோ குரோனின் சொன்னார். வில்லியம்ஸ் மறுத்தார். பிலடெல்ஃபியாவில் அன்று இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் ஆடி, எட்டுத் தடவையில் ஆறு தடவை அடித்தார். 456க்கு 185. ஆயிரத்துக்கு 406. அன்றும் தேதி செப்டம்பர் 28.

நான் வங்கியில் குமாஸ்தா. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்று எழுதுவது எங்களுக்குத் தினசரி வேலை. அதில் குற்றம் கிடையாது, வழக்கம் அனுமதிக்கிறது. வழக்கம் அனுமதிப்பதைத் தன் பேருக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் மறுத்தார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. முழு எண்ணாக்கித் தரப்பட்ட புகழ் அவருக்கு வேண்டாம். விமர்சகனுக்கு இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது என்று அன்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன்.

பின்னால் அவர் 'தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு படம். அடிக்கத் தகுந்த பந்து வரக்கூடிய வெளியை 77 பந்துகளால் நிரப்பி, ஒவ்வொரு பந்தின்மேலும் அந்த இடத்தில் தன் திறன் எவ்வளவு என்று எண் போட்டிருக்கிறார். நடுவில் 400. வெளிப்புறத்தின் கீழ்மூலையில் 230. தன் பலவீனத்தின் முகவரியை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த கலைஞர்கள் குறைவு. இந்தப் புத்தகத்தின் முதல் விதி, அடிக்கத் தகுந்த பந்துக்காகக் காத்திரு என்பது. அந்த வெளிக்கு ஒரு அங்குலம் விலகி வந்த பந்தைக்கூட அவர் தொடமாட்டார். அணிக்கு ஓட்டம் தேவைப்படும் நேரத்தில் இப்படிக் காத்திருப்பது சுயநலம் என்று பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். அணி 1918இல் உலகத் தொடரை வென்றது. அடுத்து வென்றது 2004இல். இடையில் வில்லியம்ஸ் ஆடிய உலகத் தொடர் ஒன்றே ஒன்று, 1946இல். அதில் 25 தடவையில் ஐந்துதான் அடித்தார். அணி தோற்றது. இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கலைஞனா, கூட்டத்தின் ஊழியனா என்று வாதாடுவது நமக்குப் பழகிய வாதம். அப்டைக் கலைஞனின் பக்கம். நானும்தான்.

ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: "அந்த 456 தடவையும் அவருக்குப் பந்து எறிந்தது யார்?"

கேள்வி முதலில் எனக்குப் புரியவில்லை. எதிரணியினர் என்றேன். யாரெல்லாம் எதிரணியில் இருக்க அனுமதி இருந்தது என்று திரும்பக் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் நினைவில்லை. சமாளித்திருப்பேன்.

பள்ளிக்கூடக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 399.55ஐ 400 என்று எழுத மறுத்ததில் நான் வியந்ததெல்லாம் தொகுதியின் நேர்மை. நண்பர் கேட்டது பகுதியைப் பற்றி.

1941இல் பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. எழுதப்படாத தடை அது. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடியபோதுதான் அது உடைந்தது. இதே ராபின்சன் 1945 ஏப்ரலில் ஃபென்வே பார்க்குக்கு வந்து, ரெட் சாக்ஸ் அணியினர் முன்பு ஆடிக் காட்டியிருக்கிறார். அவரோடு இன்னும் இரண்டு பேர். ஒரு நகரசபை உறுப்பினரின் நிர்ப்பந்தத்தால் நடந்த சடங்கு அது. மூவரில் ஒருவரையும் அணி எடுக்கவில்லை. மற்ற எல்லா அணிகளும் மாறிய பிறகு, கடைசியாக 1959 ஜூலையில்தான் பம்ப்ஸி கிரீன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ரெட் சாக்ஸ் உடையில் இறங்கினார். வில்லியம்ஸ் அந்த அணிக்கு ஆடியது 1939 முதல் 1960 வரை. அதாவது, அவருடைய ஆட்ட வாழ்க்கை கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஓர் அணியில் கழிந்தது.

தடைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. பந்து எறிவதில் சாட்செல் பெய்ஜ், அடிப்பதில் ஜாஷ் கிப்சன். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். ராபின்சன் களம் இறங்க மூன்று மாதம் பாக்கி. பெய்ஜ் 1948இல், 42 வயதில்தான் பெரிய லீக்குக்குள் வர முடிந்தது.

அப்டைக்கின் கட்டுரைமேல் இதற்காகக் குற்றம் சாட்டுவது சுலபம். அது ஒரு மனிதருக்கும் ஒரு நகரத்துக்கும் இடையே இருபது வருஷம் நடந்த பிணக்கின் கதை. அந்த அளவில் பூரணமானது. உள்ளே இருந்தவனுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் என்ன உறவு என்பது அதன் கேள்வி. வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அது கேட்கப் புறப்படவில்லை. என் குறை கட்டுரையின்மேல் அல்ல. அதை ஒரு கலைக் கொள்கையாக மாற்றிக்கொண்ட என்மேல். தனியாக நின்று தன் காரியத்தை ஒழுங்காகச் செய்தால் போதும் என்பது கொள்கை என்றால், களம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பது கலைஞன் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல என்றாகிறது. விமர்சகன் போடும் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். பட்டியலில் உள்ள பெயர்களைச் சலித்துச் சலித்துத் தேர்ந்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். சல்லடையில் கொட்டப்பட்டது எவ்வளவு, கொட்டப்படாதது எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் இந்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தால் வில்லியம்ஸை விட்டுவிட்டிருப்பேன். விடமுடியாமல் செய்தது அவரேதான்.

1966 ஜூலை 25. கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலின் கீர்த்தி மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளும் விழா. இத்தகைய விழாக்களில் நன்றி சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். வில்லியம்ஸும் நன்றி சொன்னார். அதோடு, வாய்ப்பு மறுக்கப்பட்டதாலேயே இந்த மண்டபத்துக்குள் வரமுடியாமல் போன கறுப்பின ஆட்டக்காரர்களின் அடையாளமாகப் பெய்ஜும் கிப்சனும் ஒருநாள் இங்கே சேர்க்கப்பட வேண்டும் என்றார். பேச்சில் அது ஒரு வாக்கியம். அந்த மேடையில் யாரும் அவரிடம் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. 1971இல் பெய்ஜைச் சேர்த்தபோது, முதலில் தனியாக ஒரு பிரிவு வைத்து அதில் இடம் தருவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டுச் சமமான இடம் தந்தார்கள். அடுத்த வருஷம் கிப்சனும் சேர்க்கப்பட்டார்.

அவர் அதைச் சொன்னது மட்டையைக் கீழே வைத்து ஆறு வருஷம் கழித்து என்பதை மறக்கவில்லை. அவர் அணி அவர் கண்முன்னே இருபது வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. தாமதமான வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அவர் வாழ்க்கையில் ஒரு வேர் இருந்தது. அவருடைய தாய் மே வென்சோர், மெக்சிகோ வம்சாவளி. தாயின் குடும்பப் பெயரோடு ஆட வந்திருந்தால் அக்காலத்துத் துவேஷத்தில் தனக்குச் சிக்கல் நேர்ந்திருக்கும் என்பதை 1969இல் வந்த சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தான் உள்ளே வந்ததில் தகப்பனின் பெயருக்கும் பங்கு உண்டு என்று அறிந்தவர் அவர். தன் 406இன் பகுதியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

மிச்சக் கதை இன்னும் விசித்திரம். 1941க்குப் பிறகு யாரும் 400ஐத் தொடவில்லை என்பது அமெரிக்கப் பேஸ்பாலின் வேதவாக்கியம் போல் எண்பது வருஷத்துக்கு மேல் சொல்லப்பட்டு வந்தது. 2024 மே மாதம், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் கணக்குகளைப் பெரிய லீக் கணக்குகளோடு அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள். கிப்சன் 1943இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆடி எடுத்தது 466. ஒரு பருவத்துக்கான பட்டியலில் அது இப்போது முதலிடம். வாழ்நாள் கணக்கிலும் 372 எடுத்த கிப்சன், 367 எடுத்த டை காபை முந்தி முதலாவது. வில்லியம்ஸின் 344 கீழே இறங்கியது. 1941தான் கடைசி என்ற வாக்கியமும் செல்லாமல் போயிற்று.

அந்தப் பருவங்கள் குறுகியவை, ஆட்டங்கள் குறைவு, ஒப்பிடக்கூடாது என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். ஆட்டங்கள் குறைவு என்பது உண்மை. குறைந்ததற்குக் காரணமும் தடைதான் என்பது அதைவிடப் பெரிய உண்மை. தவிர, 2020இல் கொள்ளைநோயால் 60 ஆட்டங்களோடு முடிந்த பெரிய லீக் பருவத்தின் கணக்கை யாரும் தள்ளிவைக்கவில்லை. ஒரு காலத்தின் நோயைக் கணக்கில் அனுமதிப்பவர்கள் இன்னொரு காலத்தின் நோயை ஏன் அனுமதிக்கக் கூடாது?

வில்லியம்ஸ் 2002இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. நடந்தது இவ்வளவுதான்: பெய்ஜுக்கும் கிப்சனுக்கும் கதவைத் திறக்கச் சொன்னார், திறந்த கதவு வழியே வந்தவர் அவருடைய எண்ணைத் தாண்டிப் போனார். தளத்தை எட்டும் விகிதத்தில், அதாவது அடிக்கக் கூடாத பந்தைத் தொடாமல் விட்ட பொறுமையையும் சேர்த்து அளக்கும் கணக்கில், வாழ்நாள் முதலிடம் இன்னும் அவருடையது. ஆயிரத்துக்கு 482. அதைக் கிப்சனின் கணக்கும் அசைக்கவில்லை. இப்போது அது திறந்த களத்தில் நிற்கும் எண். முன்பு இருந்ததைவிட எனக்கு அதில் நம்பிக்கை கூடுதல்.

1991இல் ஃபென்வே பார்க்கில் அவரைக் கௌரவிக்க ஒரு நாள் ஒதுக்கினார்கள். அன்று 72 வயது வில்லியம்ஸ் கூட்டத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றி அசைத்தார். அப்டைக்கின் கட்டுரையை மட்டும் படித்தவனுக்கு இது ஒரு சரிவாகத் தோன்றலாம். ஒரு காலத்தில் எனக்கும் தோன்றியது. அந்தக் கட்டுரையை இனியும் நண்பர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன். அதனோடு 1966ஆம் வருஷத்துப் பேச்சையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். பின்வரிசை நண்பருக்கு நான் தரவேண்டிய பதில் அதில் இருக்கிறது.